ரீபில்ட் செய்த பவர்கிளைடு மக்கர் பண்ணுதா? மறுபடி இறக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

பழைய செவ்ரோலே இம்பாலாவில் இருக்கும் இரண்டு கியர் பவர்கிளைடு, ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிகளிலேயே எளிமையானது. ரீபில்ட் முடிந்து வந்த பெட்டி ஸ்லிப் ஆனால், அதாவது பிடிக்காமல் நழுவினால், உடனே ஜாக்கியைத் தேடாதீர்கள். வெளியே இருந்தே சரிசெய்யக்கூடிய கோளாறுகள் நிறைய இருக்கின்றன. கீழே சொல்வது 1962 முதல் வந்த அலுமினியப் பெட்டிக்கு மட்டும். அதற்கு முந்தைய வார்ப்பிரும்புப் பெட்டிக்கு இந்த அளவுகளை வைக்கக்கூடாது.

முதலில் கணக்கு போடுங்கள்

'டி'யில் (டிரைவ்) கிளம்பும்போது லோ பேண்ட் என்ற பட்டை டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும். வேகம் ஏறியதும் பட்டை விட்டுவிடும், ஹை கிளட்ச் பிடிக்கும். ரிவர்ஸுக்குத் தனி கிளட்ச். இது மனதில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கிளம்பும்போது மட்டும் இழுவை இல்லையா, பட்டையைப் பாருங்கள். இரண்டாவது கியரில் மட்டும் இன்ஜின் சும்மா கத்துகிறதா, ஹை கிளட்ச். பின்னால் மட்டும் போகவில்லையா, ரிவர்ஸ் கிளட்ச். மூன்றிலுமே நழுவினால் ஆயில், ஃபில்டர் அல்லது பம்ப்.

ஆயில்

கியர்பாக்ஸ் என்றதும் 90 ஆயிலை எடுத்து நீட்டும் கடை எல்லா ஊரிலும் உண்டு. வாங்காதீர்கள். இதற்கு வேண்டியது டெக்ஸ்ரான் 3 தரத்தில் உள்ள சிவப்பு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான ஆயில்.

வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிச் சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே லீவரை 'என்'னில் (நியூட்ரல்) வைத்து டிப்ஸ்டிக்கை உருவுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தவறாகவே காட்டும். 'ஆட்' கோட்டுக்கும் 'ஃபுல்' கோட்டுக்கும் நடுவே சுமார் அரை லிட்டர்தான், எனவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் கடைசியில் வருவது ஸ்லிப்தான்.

ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பாகித் தீய்ந்த வாடை வந்தால் பட்டையோ கிளட்ச்சோ கருகிவிட்டது. ரோஸ்மில்க் போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியிருந்தால் வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். கிளட்ச் தட்டில் ஒட்டிய உராய்வுப் பூச்சு தண்ணீரில் உரிந்து வரும். கூலரை மாற்றுவது மட்டும் போதாது, பெட்டியையும் பிரிக்க வேண்டும்.

லோ பேண்ட் சரிசெய்தல்

பெட்டியின் இடப்பக்கம் மூடி போட்ட சரிசெய்யும் ஸ்க்ரூ இருக்கும். லீவர் 'என்'னில் இருக்கட்டும். மூடியைக் கழற்றி லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை 70 இன்ச்-பவுண்டு வரை இறுக்குங்கள். இது சுமார் 8 நியூட்டன் மீட்டர்தான். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இதற்கு ஆகாது, சிறியது வேண்டும். பிறகு பின்னோக்கித் திருப்புங்கள்: புதுப் பட்டை என்றால் சரியாக 3 சுற்று, சுமார் 10,000 கி.மீ. ஓடியது என்றால் 4 சுற்று. "ஏறக்குறைய மூணு" என்ற பேச்சே இங்கே கிடையாது. ஸ்க்ரூ தலையில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சுற்றும். அதை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளாவிட்டால் எண்ணியது வீண்.

அதிகம் இறுக்கினால் 'என்'னிலேயே வண்டி முன்னால் நகரப் பார்க்கும், பட்டையும் கருகும். தளர்ந்தால் கிளம்பும்போது நழுவும்.

ஸ்பானர் எல்லாம் அங்குல அளவில் வேண்டும். ஆயில் பேன் (பெட்டியின் அடியில் இருக்கும் தட்டு) போல்ட்டுக்கு அரை அங்குலம். 13 எம்எம் ஸ்பானர் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும், தலையை உருட்டிவிடும்.

ஜெர்க், புகை, தாமதம்

கியர் மாறும்போது முதுகில் குத்துகிற மாதிரி ஜெர்க் வந்தால் வேக்குவம் மாடுலேட்டர் ஹோஸைப் பாருங்கள். இன்ஜின் வேக்குவத்தை வைத்துப் பெட்டியின் ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் மாடுலேட்டர். ஹோஸ் கழன்றாலோ வெடித்தாலோ பெட்டிக்குள் ஆயில் அழுத்தம் எப்போதும் உச்சத்தில் நிற்கும். ஹோஸை உருவினால் உள்ளே சிவப்பு ஆயில் வடிகிறதா? மாடுலேட்டர் உள்ளே இருக்கும் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. சொட்டு லீக் இல்லாமலே ஆயில் குறைவதும், சைலன்ஸரில் வெண்புகை வருவதும் இதனால்தான். மாடுலேட்டரை மாற்றினால் போதும்.

மென்மையாக மிதித்தால் சுமார் 20–25 கி.மீ. வேகத்திலேயே இரண்டாவது கியர் விழ வேண்டும். ரொம்ப தாமதமானால் கார்பரேட்டரிலிருந்து பெட்டிக்கு வரும் த்ராட்டில் லிங்கேஜ் அளவு தப்பியிருக்கும். விழவே இல்லை என்றால், வண்டி வேகத்தை உணர்ந்து கியரை மாற்றவைக்கும் கவர்னரில் சிக்கல்.

எப்போது இறக்கியே ஆக வேண்டும்

மாட்டிய நாளே எந்தக் கியரிலும் வண்டி நகரவில்லை, டிப்ஸ்டிக்கிலோ ஆயில் சரியாக இருக்கிறது என்றால் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் முழுதாக உள்ளே உட்காராமலே போல்ட் போட்டிருப்பார்கள். கன்வெர்ட்டர் கோர்த்துச் சுழற்றும் பம்ப்பின் காது உடைந்திருக்கும். சரியாக உட்கார்ந்தால், போல்ட் போடும் முன் கன்வெர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (இன்ஜின் பக்கம் இருக்கும் தட்டு) நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி தெரியும். பேனில் உலோகத் துகள் மினுங்கினாலும் இறக்க வேண்டியதுதான். அப்போது கூலர் பைப்பையும் கழுவச் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய துகள் புதுப் பெட்டிக்குள் போகும்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் ஓட்டத்தைக் கிருஷ்ணகிரி–தருமபுரி நான்குவழிச் சாலையில் காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். தொப்பூர் கணவாய்க்கு இப்போது வேண்டாம். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி, ஆயில் நிறம் மாறவில்லை என்று உறுதியான பிறகு போங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தை 50-க்குக் கீழே கொண்டுவந்து 'எல்'லில் (லோ) போடுங்கள். இன்ஜின் இழுத்துப் பிடிக்க வேண்டும். இன்ஜின் வேகம் ஏறாமல் வண்டி மட்டும் வழுக்கி ஓடினால் பிரேக்கை மிதித்து ஓரங்கட்டுங்கள். ஊர் திரும்பியதும் லோ பேண்ட் ஸ்க்ரூவின் சுற்றை மறுபடி எண்ணுங்கள்.