வயதைக் கேட்டால் முழு ஆதாரையும் நீட்ட வேண்டாம்

இணையத்தில் வயதைச் சரிபார்ப்பது பல நாடுகளில் இப்போது சட்டமாகிவிட்டது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் பயனரின் வயதைச் சரிபார்த்தே ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவில் அதே ஆண்டு டிசம்பர் 10 முதல், 16 வயது நிரம்பாதவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள்.

"இது பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கென்ன" என்று இருந்துவிடுவதுதான் முதல் தவறு. யார் சிறுவர் என்று கண்டுபிடிக்க எல்லோரையும்தானே சோதிக்க வேண்டும்? ஐம்பது வயதுக்காரரும் தன் வயதை நிரூபித்தாக வேண்டும்.

அடுத்தது, "பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள்" என்ற நம்பிக்கை. இதுதான் ஆபத்தானது. 2025 அக்டோபரில், அரட்டைச் செயலியான டிஸ்கார்டை நடத்தும் நிறுவனம் ஒரு தரவுக் கசிவை ஒப்புக்கொண்டது. சுமார் 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்றது. தங்கள் வயது தவறாகக் கணிக்கப்பட்டதாக முறையிட்டவர்கள் அனுப்பிய படங்களும் அவற்றில் இருந்தன. வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனத்தின் வழியாகத்தான் அவை கசிந்தன. நாம் நம்பிக் கொடுத்தது ஒருவரிடம், படம் இருந்தது இன்னொருவரிடம்.

தென் கொரியா இதை முன்பே அனுபவித்தது. பெரிய தளங்களில் கருத்து எழுதுவோர் யாரென்று உறுதிசெய்யும் சட்டம் அங்கே 2007-இல் வந்தது. 2011 ஜூலையில் நேட் என்ற இணையதளம், சைவேர்ல்ட் என்ற சமூக ஊடகம் இரண்டிலிருந்தும் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 5 கோடிதான்! 2012-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டம் போனது, திருடுபோன விவரங்களை யாரால் திரும்பப் பெற முடியும்?

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். யார் கேட்டாலும் ஆதாரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆதார் எண்ணை அப்படி மாற்ற முடியாது. முதல் எட்டு இலக்கங்களை மறைத்த 'மாஸ்க்டு ஆதார்' ஆதாரை வழங்கும் யுஐடிஏஐ ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கிறது. ஆனால் அதிலும் பெயர், படம், பிறந்த தேதி எல்லாம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எண்ணை மட்டும் கேட்கும் இடத்தில், ஆதாருக்குப் பதிலாக 16 இலக்க விஐடி (ஆதார் எண்ணுக்கு மாற்றாகத் தரப்படும் தற்காலிக எண்) செல்லுமா என்று பாருங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

தளத்துக்குத் தேவை "18 நிரம்பியவரா, இல்லையா" என்ற ஒரே பதில். அதற்கு முகவரி எதற்கு? அட்டை தவிர வேறு வழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அரசு அடையாள அட்டையை மட்டுமே வழியாக வைக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியச் சட்டம் நிறுவனங்களுக்குச் சொல்கிறது. முகத்தை வைத்து வயதைக் கணிக்கும் முறையில், படம் போனிலேயே பரிசீலிக்கப்பட்டு வெளியே போகாது என்றால், அட்டை அனுப்புவதைவிட அது மேல் என்பேன். படம் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது என்றால் தயங்கத்தான் வேண்டும்.

சோதனையைத் தவிர்க்க, நாம் வேறு நாட்டிலிருந்து வருவதுபோலக் காட்டும் இலவச விபிஎன் செயலியைப் போடுவதும் தவறுதான். நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை இப்போது அந்த விபிஎன்காரர் பார்க்கலாம். பிரிட்டனில் சட்டம் அமலான நாட்களில் இத்தகைய செயலிகளின் பதிவிறக்கம் எகிறியது.

அப்புறம், மோசடிக்காரர்களுக்கு இது நல்ல அறுவடைக் காலம். "வயதை உறுதிசெய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று லிங்க்கோடு குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். செயலியைத் திறந்து அதன் அமைப்புகளில் அப்படிக் கேட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓடிபியை வெளியார் யாருக்கும் சொல்லாதீர்கள். பிள்ளை "ஒரு நம்பர் வந்திருக்கு, சொல்லுப்பா" என்று கேட்டாலும், எதற்கென்று பார்த்துவிட்டே கொடுங்கள்.

ஏற்கெனவே பல இடங்களில் ஆதாரைக் கொடுத்துவிட்டவர்கள் யுஐடிஏஐயின் மைஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு போன்றவற்றை) பூட்டி வைக்கலாம். உங்கள் ஆதார் எப்போது, எந்த வகையில் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது.