சொந்த ஏஐ-யிடம் டேட்டாபேஸைக் கொடுக்கும்போது செய்யும் தவறுகள்

"போன மாதம் அதிகம் வாங்கிய பத்து பேர் யார்?" என்று கேட்டால், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதி, ஓட்டி, பதிலும் சொல்லும் ஏஐ-யை இப்போது சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஏஐ மாடல்களை நம் கணினியிலேயே ஓட்டும் ஓலாமா, அதில் குவென் கோடர் மாதிரி கோடு எழுதும் ஒரு மாடல், பின்னால் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். சிக்கல் அப்புறம்தான் வரும்.

பலர் அப்ளிகேஷன் டேட்டாபேஸில் நுழையும் யூசர் கணக்கையே மாடலுக்கும் கொடுத்துவிட்டு, "எதையும் டெலீட் செய்யாதே" என்று பிராம்ப்ட்டில் (மாடலுக்குத் தரும் குறிப்பில்) எழுதி வைக்கிறார்கள். மாடல் கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். செலக்ட், அதாவது படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனி யூசர் வேண்டும். அதற்கும் ஸ்டேட்மென்ட் டைம்அவுட் (நீண்ட நேரம் ஓடும் எஸ்க்யூஎல்லைத் தானாக நிறுத்தும் வரம்பு) வையுங்கள். டேபிள்களை இணைக்கும் மோசமான ஒரே ஒரு ஜாயின் போதும், சர்வர் திணற.

எரர் வந்தால் பிழைத்தீர்கள். எரரே இல்லாமல் வரும் தப்பான விடைதான் ஆபத்து. 1000 ரூபாய் ஆர்டர் ஒன்றுக்கு வாடிக்கையாளர் 600, 400 என்று இரண்டு தவணையில் பணம் கட்டியிருக்கிறார். ஆர்டர் டேபிளையும் பேமென்ட் டேபிளையும் ஜாயின் செய்தால் அந்த ஆர்டர் இரண்டு வரிசையாக வரும். மாடல் ஆர்டர் தொகையைக் கூட்டினால் விற்பனை 2000 ரூபாய்! எஸ்க்யூஎல் இலக்கணத்தில் ஒரு குறையும் இருக்காது. நேரமும் இப்படித்தான். டேட்டாபேஸ் யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், "இன்றைய விற்பனை" நம் ஊர்க் கணக்கில் காலை 5.30-க்குத்தான் தொடங்கும். அதனால் விடையோடு எஸ்க்யூஎல்லையும் திரையில் காட்டுங்கள். விடை ஏற்கெனவே தெரிந்த இருபது கேள்விகளை எழுதி வைத்து, மாடலை மாற்றும்போதெல்லாம் கேட்டுப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மொத்த ஸ்கீமாவையும் (எல்லா டேபிள்கள், ஃபீல்டுகளின் பட்டியலையும்) பிராம்ப்ட்டில் கொட்டுவது இன்னொரு தவறு. சாதாரணக் கணினிகளில் ஓலாமாவின் கான்டெக்ஸ்ட், அதாவது மாடல் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய அளவு, தானாக 4096 டோக்கன் (சொல் துண்டு) அளவில்தான் இருக்கும். அதைத் தாண்டியது சத்தமில்லாமல் வெட்டுப்படும். மாடலோ இல்லாத ஃபீல்டுக்குப் பெயர் வைத்து எழுதும். கேள்விக்கு வேண்டிய டேபிள்களை மட்டும் கொடுங்கள். "ஸ்டேட்டஸ் 3 என்றால் ரத்து" என்பது போன்ற விவரங்களைச் சேருங்கள். அதை மாடல் ஊகிக்க முடியாது, புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கே தெரியாது.

கடைசியாக, ஆபீசில் எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று ஓலாமாவை 0.0.0.0-இல், அதாவது நெட்வொர்க் முழுவதற்கும், திறந்துவிடுவது. ஓலாமாவின் 11434 போர்ட்டில் பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. சர்வருக்குப் பொது ஐபி இருந்து, ஃபயர்வாலும் இல்லையென்றால், முன்பின் தெரியாதவர்களும் உங்கள் ஜிபியு-வில் வேலை வாங்குவார்கள். அந்தக் கணினிக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1-லேயே விட்டு, லாகின் கேட்டுவிட்டுக் கோரிக்கைகளை ஓலாமாவுக்கு அனுப்பும் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை முன்னால் வையுங்கள்.