சின்ன டர்ட் பைக்கின் பின் ஷாக்: முதலில் டேப், அப்புறம் ஸ்பேனர்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஹீரோ எக்ஸ்பல்ஸ், பழைய ஹீரோ இம்பல்ஸ் போன்ற மண்பாதை பைக்குகளை ஓட்டுபவர்களில் பலர் பின் ஷாக்கை (ஷாக் அப்சார்பர்) முழுக்க இறுக்கி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். ஸ்பிரிங்கை இறுக்கினால் ஷாக் பலமாகிவிடும் என்ற நம்பிக்கை. ஆகாது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோட் ரிங்கைத் திருகுவதால் ஸ்பிரிங்கின் விறைப்பு கூடுவதில்லை. வண்டியின் பின்பக்கம்தான் உயர்கிறது. அப்படி உயர்ந்து நிற்கும் வண்டியில், சக்கரம் பள்ளத்துக்குள் கீழே இறங்க மிச்ச இடம் இருக்காது. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கத் தோட்டத்துப் பாதையில், காய்ந்து இறுகிய டிராக்டர் தடத்தில் பின் சக்கரம் துள்ளித் துள்ளிப் பிடிப்பை விடுவதற்கு இது பெரிய காரணம்.

முதலில் சுத்தம், சோதனை

வண்டியைக் கழுவுங்கள். பிரஷர் வாட்டரை ஷாக் சீல் மேலும் பேரிங் மேலும் நேராக அடிக்க வேண்டாம். தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் வெளியே வந்துவிடும். காய்ந்ததும் ஷாக்கின் பளபளப்பான தண்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை தெரிந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அதை வீட்டில் பிரிக்காதீர்கள். பல ஷாக்குகளுக்குள் நைட்ரஜன் வாயு அழுத்தத்தில் இருக்கும். சஸ்பென்ஷன் வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் பின் சக்கரம் தரையைத் தொடாதபடி, இன்ஜினுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்ட் அல்லது மரக்கட்டை கொடுத்து வண்டியை நிறுத்துங்கள். கூட ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், மேலே தூக்கிப் பாருங்கள். "டொக்" என்று சத்தம் வந்தால் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ், ஷாக் போல்ட், லிங்கேஜ் (ஸ்விங் ஆர்மையும் ஷாக்கையும் இணைக்கும் நெம்பு அமைப்பு) பேரிங் இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது.

கிரீஸ்

லிங்கேஜ் உள்ள வண்டியில் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. நம் ஊர்ச் செம்மண் மழையில் சேறாக ஏறி, வெயிலில் பொடியாகி, சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். சக்கரத்தையும் லிங்கேஜ் போல்ட்டுகளையும் கழற்றிப் புஷ்ஷை வெளியே தள்ளினால், வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டிய கிரீஸ் காவி நிறத்தில் வறண்டு உதிரும். அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில பேரிங்குகளில் ஊசி உருளைகள் தனித்தனியாகக் கழன்று விழும். ஒன்று காணாமல் போனாலும் வேலை நின்றுவிடும்.

மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, உருளைகளில் துருவோ பள்ளமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். தண்ணீரைத் தாங்கும் லித்தியம் கிரீஸை விரலால் அழுத்தி நிரப்பி, சீலின் உதட்டிலும் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வறண்ட லிங்கேஜோடு, அடுத்து சொல்லும் இறக்கத்தை அளந்தால் எந்த அளவும் சரியாக வராது. அதனால்தான் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

இறக்கத்தை அளப்பது

எடை ஏறும்போது வண்டியின் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் இறக்கம். டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே சைடு பேனலில் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். மூன்று அளவு எடுக்க வேண்டும்.

சக்கரம் தொங்கும்போது ஆக்சிலிலிருந்து டேப் வரை ஒன்று. வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது ஒன்று. நீங்கள் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு, ஃபுட்பெக்கில் நின்றிருக்கும்போது ஒன்று. முன்னால் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இன்னொருவர் அளக்கலாம். ஒவ்வொரு முறையும் சீட்டை இரண்டு தடவை அமுக்கிவிட்டு அளந்தால் உராய்வால் வரும் பிசகு குறையும்.

எக்ஸ்பல்ஸ் 200-இன் பின் சக்கர டிராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்த தூரம்) 170 மி.மீ. ஆள் ஏறிய இறக்கம் அதில் 30 சதவீதம், அதாவது 50 மி.மீ. சுற்றி இருக்கட்டும். முதல் அளவு 600, மூன்றாவது 548 என்றால் இறக்கம் 52, சரி. 70 வந்தால் ப்ரீலோட் கூட்டுங்கள், 30 வந்தால் குறையுங்கள். இந்த வண்டியில் ப்ரீலோடுக்கு 10 படி உண்டு, சி ஸ்பேனரால் (கொக்கி வடிவ ஸ்பேனர்) திருப்பலாம். மரை உள்ள ரிங் என்றால், மரையைப் பிரஷால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுத் திருப்புங்கள். மண்ணோடு திருப்பினால் மரை கெட்டுப்போகும்.

இப்போது இரண்டாவது அளவுக்கு வாருங்கள். வண்டி தன் எடைக்கே 15 மி.மீ. அளவாவது இறங்க வேண்டும். ஆள் இறக்கம் சரியாக வந்தும் இது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்தால், உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மெல்லியது. கெட்டியான ஸ்பிரிங் வேண்டும். மாறாக வண்டி தானாகவே அதிகம் இறங்கினால் ஸ்பிரிங் விறைப்பு கூடுதல். தலைகீழாகத் தோன்றும், ஆனால் இதுதான் சரி.

ரீபவுண்டு

அமுங்கிய ஷாக் திரும்ப எழுவதுதான் ரீபவுண்டு. அதை மாற்றும் திருகு உள்ள ஷாக்குக்கு மட்டும் இது. முதலில் முழுக்க உள்ளே திருகி எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வைத்துவிட்டு, பழைய இடத்துக்குக் கொண்டு வாருங்கள். சீட்டை அமுக்கி விட்டால் ஒரே மூச்சில் எழுந்து நின்றுவிட வேண்டும். துள்ளி ஆடினால் ரீபவுண்டு வேகமாக இருக்கிறது, இரண்டு கிளிக் உள்ளே. மெதுவாக எழுந்தால் இரண்டு கிளிக் வெளியே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

சோதித்துப் பார்க்கச் சொந்த நிலம், வறண்ட ஏரிப் படுகை போதும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கக் காப்புக்காட்டுக்குள் போக வேண்டாம்; யானை நடமாடும் இடம், அனுமதியும் வேண்டும்.

ஓட்டி வந்ததும் செயின் தொய்வை மேனுவல்படி பாருங்கள். கழற்றிய போல்ட் எல்லாவற்றையும் ஐம்பது கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிடுங்கள்.