ரிசர்ச் பேப்பரை எங்க இருந்து வாசிக்க ஆரம்பிக்கணும்: நம்ம திருநெல்வேலி பிள்ளைகளுக்கு

போன ஆனி மாசம் பாளையங்கோட்டையில எம்எஸ்சி மொத வருசம் படிக்க பிள்ளை ஒண்ணு என்கிட்ட ஒரு பேப்பரை கொண்டாந்து காட்டுச்சு. 12 பக்கம், பிரிண்ட் எடுத்து ஸ்டேப்பிள் அடிச்சு, மொத ரெண்டு பக்கம் பூரா பென்சிலால ஒவ்வொரு வார்த்தைக்கு மேலயும் தமிழ்ல அர்த்தம் எழுதி வச்சிருந்துது, மூணாவது பக்கத்துல இருந்து அப்படியே வெள்ளையா கெடந்துது. "ஒரு வாரமா உக்காந்து படிச்சேண்ணே, எனக்கு இங்கிலீஷ் வரல, நான் ரிசர்ச்சுக்கெல்லாம் லாயக்கு இல்ல போல"ன்னு சொல்லுச்சு. எனக்கு நெஞ்சு அடைச்சுட்டு. எங்க அம்மா பீடி சுத்திதான் என்னைப் படிக்க வச்சா, பேப்பர்னா என்ன அதை எப்படி தொடணும்னு சொல்லித்தர வீட்டுல ஆள் கெடையாது, நானும் இதே மாதிரி டிக்‌ஷனரியும் கையுமா ஒரு வருசத்தை தொலைச்சவன். அந்தப் பிள்ளைகிட்ட சொன்னதை எல்லாத்துக்கும் உதவட்டும்னு இங்க எழுதுதேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. பேப்பர் பாடப்புத்தகம் இல்ல, மொத வரில இருந்து கடைசி வரி வரைக்கும் வரிசையா படிக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ஒரு ஆளு, இல்ல ஒரு கூட்டம், "நாங்க இப்படி செஞ்சோம், இது வந்துது, அதனால இப்படி சொல்லுதோம்"னு கணக்கு ஒப்படைக்காங்க, அவ்வளவுதான் அது. கணக்கு பாக்கவன் மொதல்ல எதைப் பாப்பான்? வந்த தொகையை எதோட ஒப்பிட்டுருக்குன்னுதான பாப்பான். வானியல், மருத்துவம், இன்ஜினியரிங், சமூகக் கொள்கைன்னு எந்தத் துறை பேப்பரா இருந்தாலும் நீங்க கேக்க வேண்டிய மொத கேள்வி இதுதான்: இவங்க எதை எதோட ஒப்பிட்டாங்க? இதுக்கு பதில் கெடைச்சுட்டுன்னா பேப்பர்ல பாதி உங்க கையில.

உதாரணம் நம்ம ஊர்லயே இருக்கு. கிருஷ்ணாபுரத்துல இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் ஒண்ணு இருக்கு. ஏன் இங்க வந்து வச்சாங்கன்னா பூமியோட காந்த நடுக்கோடு, அதாவது பூமியோட காந்தப்புலம் தரைக்கு கெடையாப் படுத்திருக்க கோடு, நம்ம பக்கத்துலதான் போவுது. அந்தக் கோட்டை ஒட்டி பகல் நேரத்துல நம்ம தலைக்கு மேல சுமார் 105 கிலோமீட்டர் உசரத்துல ஒரு மின்சார ஓட்டம் கெழக்கு பாத்து ஓடுது, அதுக்கு ஈக்வடோரியல் எலக்ட்ரோஜெட்னு பேரு. நாம தாமிரபரணியில குளிச்சிட்டு வார நேரத்துல மேல அது ஓடிக்கிட்டுதான் இருக்கும். சரி, அத்தனை உசரத்துல ஓடுதை தரையில நின்னு எப்படி அளப்பாங்க? திருநெல்வேலியில காந்தமானியை வச்சு கிடைமட்டக் காந்தப்புலம் பகல்ல எவ்வளவு ஏறுதுன்னு பாக்காங்க. ஆனா அந்த ஏத்தம் பூரா எலக்ட்ரோஜெட்டால வந்தது இல்ல, உலகம் முழுக்க இருக்க வேற ஓட்டங்களோட பங்கும் அதுல கலந்து கெடக்கும். அதனால மும்பை பக்கத்துல அலிபாக்ல எடுத்த அளவை இதுல இருந்து கழிக்காங்க. அலிபாக் எலக்ட்ரோஜெட் பட்டைக்கு வெளிய இருக்கு, பொதுவான பங்கு ரெண்டு இடத்துலயும் இருக்கும், கழிச்சா மிச்சம் நிக்கது எலக்ட்ரோஜெட் மட்டும். எண்ணெய் வாங்கப் போனா மொதல்ல வெறும் பாத்திரத்தை எடை போட்டுட்டு அப்புறம் எண்ணெயோட போட்டு கழிப்போம்லா, அதேதான். இந்தத் துறையில வர பேப்பர்கள்ல திருநெல்வேலி மைனஸ் அலிபாக்னு திரும்பத் திரும்ப பாப்பீங்க. அந்த ஒரு கழித்தலை புரிஞ்சுக்கிட்டா கிராஃப்ல பாதிக்கு மேல தானா பேசும்.

இப்ப வாசிக்க வரிசைக்கு வாரேன். தலைப்பு, அப்புறம் அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆரம்பத்துல இருக்க சுருக்கம், ரெண்டு தடவை. புரியலேன்னாலும் நிக்காதீங்க. அடுத்து நேரா படங்களுக்கு போயிருங்க. ஒவ்வொரு கிராஃப்லயும் கெடையாப் போற கோட்டுல என்ன, நெட்டையா நிக்க கோட்டுல என்ன, என்ன யூனிட், ஒவ்வொரு புள்ளி மேலயும் எரர் பார் (அளவு எவ்வளவு கூடக் கொறைய இருக்கலாம்னு காட்டுத சின்னக் கோடு) இருக்கா, இதை நோட்டுல தமிழ்ல எழுதுங்க. படத்துக்கு கீழ எழுதியிருக்கதை விடாம படிங்க, நல்ல பேப்பர்ல பாதி விசயம் அங்கதான் கெடக்கும். அதுக்கப்புறம் மெத்தட், அதாவது எப்படி செஞ்சாங்கங்க பகுதி, அதுக்கப்புறம் முடிவுரை. இன்ட்ரொடக்சன் கடைசியில போதும், அதுலயும் கடைசிப் பத்தியை மட்டும் முன்னாலயே பாத்துக்கோங்க, "இந்தப் பேப்பர்ல நாங்க என்ன செய்யுதோம்"ங்கது அங்கதான் அனேகமா இருக்கும். தெரியாத வார்த்தை மூணு தடவைக்கு மேல வந்தா மட்டும் அர்த்தம் தேடுங்க. ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போற வார்த்தைக்கு உங்க சாயங்காலத்தை குடுக்காதீங்க.

எரர் பாரை ஏன் இவ்வளவு அழுத்தி சொல்லுதேன்னா, 2015 செப்டம்பர் 14 அன்னைக்கு அமெரிக்காவுல இருக்க லைகோ ஆய்வுக்கூடம் மொத மொதலா ஈர்ப்பு அலையை பிடிச்சுதுல்லா, அந்தப் பேப்பரை எடுத்துப் பாருங்க, இலவசமாவே கெடைக்கும். அலை கெளம்பின எடத்துக்கு தூரம் 410 மெகாபார்செக்னு (விண்வெளி தூரத்தை அளக்க யூனிட் அது) போட்டு பக்கத்துலயே கூட 160, கொறைய 180ன்னு போட்டிருப்பாங்க. அதாவது 230ஆவும் இருக்கலாம் 570ஆவும் இருக்கலாம். செய்தியில வர்றப்ப ஒரே எண்ணா வரும், பேப்பர்லதான் இந்த நேர்மை இருக்கும். ஒப்பிட்டது எதோடன்னு கேட்டா அதுக்கும் அங்க பதில் இருக்கு: சுமார் 3000 கிலோமீட்டர் தள்ளி இருக்க ரெண்டு கருவியில ஒரே வடிவ அலை 7 மில்லிசெகண்ட் வித்தியாசத்துல வந்துது. ஒரே இடத்துல மட்டும் வந்திருந்தா பக்கத்துல லாரி போனதுன்னு கூட சந்தேகப்படலாம்.

மருத்துவப் பேப்பர்தான் நம்ம வீட்டுக்கு ரொம்ப பக்கத்துல வரது, அதனால இதுல கொஞ்சம் நிப்போம். ஜார்கண்ட்ல டிபி நோயாளிங்க வீட்டு ஆளுகளுக்கு மாசாமாசம் அரிசி பருப்பு சத்துணவு குடுத்தா அவங்களுக்கு டிபி வாரது கொறையுமான்னு ஒரு பெரிய ஆய்வு செஞ்சாங்க, ரேஷன்ஸ் ட்ரையல்னு பேரு, 2023ல வந்துது. செய்தியில 39 சதவீதம் கொறஞ்சுட்டுன்னு வந்திருக்கும். பேப்பரைத் தொறந்து டேபிளைப் பாருங்க. சத்துணவு கெடைச்ச 5621 பேர்ல 94 பேருக்கு டிபி வந்துது, கெடைக்காத 4724 பேர்ல 122 பேருக்கு வந்துது. அதாவது நூத்துக்கு 1.7, நூத்துக்கு 2.6. இப்ப நீங்களே ஒண்ணை ஒண்ணால வகுத்துப் பாத்தா கொறஞ்சது 35 சதவீதம்தான் வரும், 39 வராது. உடனே பொய்னு முடிவு கட்டாதீங்க. ரெண்டு குரூப்லயும் இருக்க மத்த வித்தியாசங்களையும் கணக்குல எடுத்து சரிக்கட்டின எண் அந்த 39, அதை எப்படி சரிக்கட்டுனாங்கன்னு மெத்தட்ல எழுதியிருப்பாங்க. உங்க கையால ஒரு வகுத்தல் போட்டு, அது பேப்பரோட பொருந்தாம போயி, ஏன்னு தேடி மெத்தட் பகுதிக்கு போறீங்க பாத்தீங்களா, அந்த எடத்துலதான் நீங்க ஆராய்ச்சியாளரா ஆகுதீங்க. சதவீதம் கொறஞ்சுதுன்னு எங்க பாத்தாலும் எதுல இருந்து எதுக்குன்னு கேளுங்க. நூத்துக்கு ரெண்டு ஒண்ணா ஆனாலும் 50 சதவீதம், நூத்துக்கு அறுபது முப்பதா ஆனாலும் 50 சதவீதம்.

சமூகக் கொள்கைப் பேப்பர்ல சிக்கல் கூட. 1956ல காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்துல தொடங்கி வச்சாரு, அப்ப அது நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வார பிள்ளைக கூடுச்சு. ஆனா அதே காலத்துல ஊருக்கு ஊர் புதுப் பள்ளிக்கூடமும் தொறந்தாங்க, அப்ப கூடுனதுல சோத்தோட பங்கு எவ்வளவு பக்கத்துலயே பள்ளிக்கூடம் வந்ததோட பங்கு எவ்வளவு? சாப்பாடு போட்ட ஊரையும் அந்த நேரத்துல இன்னும் போடாத ஊரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாதான் பதில் வரும். இப்படிப் பிரிச்சுப் பாக்கது திட்டத்தை கொறை சொல்லுதுன்னு சில பேர் நெனைக்காங்க. அப்படி இல்ல, எந்தப் பங்கு எவ்வளவுன்னு தெரிஞ்சாதான் அடுத்த திட்டத்துல எங்க காசு போடணும்னு தெரியும்.

இன்ஜினியரிங்னா எந்த நெலமையில சோதிச்சாங்கன்னு பாருங்க, அது போதும். காத்தாலைப் பேப்பர்ல 2 மெகாவாட்னு இருந்தா அது எந்தக் காத்து வேகத்துலங்கதுதான் கேள்வி. வேகம் ரெண்டு மடங்கானா காத்துல இருக்க சக்தி எட்டு மடங்காகும், அதனால பணகுடிப் பக்கம் ஆடி மாசம் எடுத்த அளவை வச்சு தை மாசத்துக்கு கணக்குப் போட முடியாது.

கணக்குப் பேப்பர் மட்டும் தனி ஜாதி, அங்க ஒப்பிட எதுவும் கெடையாது, நிரூபணம்தான். பென்சில் இல்லாம அதை வாசிக்கவே கூடாது. குத்தாலம் பக்கத்துல வல்லத்துல 1901ல பொறந்தவரு எஸ். எஸ். பிள்ளை, எண் கோட்பாட்டுல உலகம் மதிச்ச ஆளு, 1950ல அமெரிக்கா போற வழியில கெய்ரோ பக்கத்துல விமான விபத்துல போயிட்டாரு, நம்ம பிள்ளைகள்ல எத்தனை பேருக்கு அவரு பேரு தெரியும்னு நெனைச்சா வருத்தமா இருக்கு. எந்த எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களோட (ஒரே எண்ணை ஆறு தடவை போட்டு பெருக்கினா வரது) கூட்டலா எழுத 73 எண் போதும்னு 1940ல நிரூபிச்சாரு. ஏன் 73? பென்சிலை எடுங்க. ஒண்ணோட ஆறாம் அடுக்கு 1, ரெண்டோடது 64, மூணோடது 729. இப்ப 703ஐ எழுதிப் பாருங்க. 729 பெருசு, ஆகாது. 64ஐ பத்து தடவை போட்டா 640, பதினோராவது போட்டா 704 ஆயிரும், தாண்டிட்டு. மிச்சம் 63ஐ ஒண்ணு ஒண்ணாதான் போடணும். பத்தும் அறுபத்து மூணும் எழுபத்து மூணு. அப்ப 73க்கு கொறைஞ்சா ஆகாதுன்னு நீங்களே ரெண்டு நிமிசத்துல காமிச்சுட்டீங்க, 73 எல்லா எண்ணுக்கும் போதும்ங்கதுதான் அவரு பட்ட பாடு. கணக்குப் பேப்பர்ல எந்த தேற்றத்தைப் பாத்தாலும் மொதல்ல இப்படி ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் நிரூபணத்துக்குள்ள போங்க.

பேப்பர் எங்க கெடைக்கும்னு கேக்கீங்கல்லா. இயற்பியல், வானியல், கணக்குக்கு ஆர்கைவ் தளம், 1991ல இருந்து இருக்கு, காசு கெடையாது. வானியலுக்கு நாசாவோட ஏடிஎஸ், மருத்துவத்துக்கு பப்மெட், நம்ம நாட்டு பிஎச்டி ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. அரசு காலேஜ், பல்கலைக்கழகத்துல படிக்கவங்க 2025 ஜனவரில இருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துல சுமார் 13,000 ஜர்னல் பாக்கலாம், உங்க லைப்ரரியன்கிட்ட லாகின் கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஆனா ஆர்கைவ்ல இருக்கது நெறைய பிரிபிரிண்ட், வேற நிபுணர்கள் சரிபாக்கதுக்கு முன்னாலயே போட்டது. 2011ல நியூட்ரினோங்க நுண்துகள் ஒளியை விட வேகமா போவுதுன்னு ஒரு பெரிய குழுவே போட்டாங்க, கடைசியில ஒரு ஃபைபர் கேபிள் சரியா மாட்டாததும் அதுக்கு காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அவங்களே தேடி அவங்களே சொன்னாங்க, அதுல அவங்க மேல எனக்கு மரியாதை கூடத்தான் செஞ்சுது.

இன்னொண்ணு, "மூணு நாள்ல பப்ளிஷ் பண்ணித்தாரோம், இவ்வளவு கட்டுங்க"ன்னு வாட்ஸ்அப்ல வந்தா தயவுசெஞ்சு கட்டாதீங்க. அம்மா அப்பா காசு அது. ஒழுங்கா சரிபாக்கதுக்கு மூணு நாள் எந்தக் காலத்துலயும் பத்தாது.

ஒவ்வொரு பேப்பரையும் மூடுனதும் நோட்டுல தமிழ்ல அஞ்சு வரி எழுதுங்க: என்ன கேள்வி, எதை எதோட ஒப்பிட்டாங்க, என்ன வந்துது, எவ்வளவு பிழை, எனக்கு எது புரியல. அஞ்சாவது வரிதான் முக்கியம். மூணு தடவை வாசிச்சும் அது தீரலேன்னா பேப்பரை எழுதுனவங்களுக்கே மெயில் போடுங்க, மொத பக்கத்துலயே முகவரி இருக்கும். எந்தப் பேப்பர், எந்தப் படம், எந்த எடம் புரியல, நாலு வரி போதும், இங்கிலீஷ் பிசகுனாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தப் பிள்ளை நாலாவது படத்துல ஒரு யூனிட்டைப் பத்தி கேட்டு எழுதுச்சு, அஞ்சு நாள் கழிச்சு பதில் வந்துது, யூனிட் தப்பா அச்சாயிருக்கு, கவனிச்சதுக்கு நன்றின்னு, கூடவே டேட்டா ஃபைலும் அனுப்பியிருந்தாங்க. இப்ப அந்த டேட்டாவை வச்சு அதே கிராஃபை திரும்ப போட்டுக்கிட்டு இருக்கு.