பாஸ்போர்ட்டில் குங்குமம், டிக்கெட்டில் இனிஷியல்: இமிக்ரேஷனில் மாட்டிவிடும் தவறுகள்

போன வருடம் திருமங்கலம் பக்கமிருந்து ஒரு பெரியவர் சிங்கப்பூர் டிக்கெட்டுக்காக வந்தார். பாஸ்போர்ட்டைத் திறந்தால், படம் இருக்கும் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம். பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே பாண்டி கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்து வாங்கியிருக்கிறார்கள். பூசாரி தாராளமாகவே வைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஈரத்துணியால் அழுத்தித் துடைக்க, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தின் ஓரம் எழும்பி, சிவப்பு உள்ளே இறங்கிவிட்டது. அடியில் இருக்கும் அந்த இரண்டு வரி எழுத்து மேலெல்லாம் கறை. இமிக்ரேஷன் கவுன்டரில் எந்திரம் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். மதுரை ரேஸ்கோர்ஸ் ரோடு பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மறுபடி நடந்து, சேதமான பாஸ்போர்ட் என்று எழுதிக் கொடுத்துப் புதிதாக வாங்கிய பிறகுதான் அவருக்கு டிக்கெட் போட்டேன்.

சாமி காலடியில் வைக்காமல் மனசு கேட்காது என்றால் ஜெராக்ஸை வையுங்கள். பாண்டி முனி கோபித்துக்கொள்ள மாட்டார். அதேபோல கடைசிப் பக்கத்தில் மச்சான் போன் நம்பரைக் குறித்து வைப்பது, பழைய போர்டிங் பாஸை ஸ்டேப்ளர் போட்டு அடிப்பது, இதெல்லாமும் வேண்டாம். பாஸ்போர்ட் நம் பெட்டியில் இருந்தாலும் அது அரசாங்கத்தின் சொத்து.

பத்து வருடத்துக்கு மேலாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். கவுன்டரில் ஆள் நிற்பது இரண்டு, மூன்று நிமிடம். அங்கே வெடிக்கிற சிக்கல்களில் முக்கால்வாசி வீட்டில் வைத்தே நாம் மூட்டை கட்டிக்கொண்டு போனதாகத்தான் இருக்கிறது.

அதில் முதல் மூட்டை நம் பெயர். உலகத்துக்குக் குடும்பப் பெயர் உண்டு, நமக்கு இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் பா. முத்துக்குமார், ஆதாரில் முத்துக்குமார் பா, பாஸ்போர்ட்டில் முத்துக்குமார் பாண்டியன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் இந்தக் குழப்பம் தவிர்க்க முடியாதது. தவறு எங்கே நடக்கிறது என்றால், டிக்கெட் போடும்போது ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ‘பாஸ்போர்ட்டை அனுப்புங்க’ என்றால், ‘ரெண்டும் ஒரே ஆளுதானே’ என்பார்கள். ஆள் ஒன்றுதான். ஆனால் விமான நிறுவனத்துக்காரருக்கு உங்கள் முகத்தைவிட எழுத்துதான் முக்கியம். வெளிநாட்டு டிக்கெட்டும் விசாவும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி இருக்க வேண்டும், ஓர் எழுத்து கூடக் குறைய இருக்கக் கூடாது.

குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் நம்மூரில் ஏராளம். அதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. அமெரிக்க விசாவில் உங்கள் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், சொந்தப் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று வரும். சொந்தப் பெயர் தெரியாது என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பதறிப்போய் ‘என் பேரைத் தப்பா அடிச்சிட்டாங்க’ என்று வருபவர்கள் உண்டு. தப்பில்லை, அது அவர்கள் வழக்கம். அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விட மாட்டோம் என்றது. பிறகு, இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. புதிதாக பாஸ்போர்ட் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுங்கள். பின்னால் வரும் பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

தேதி விஷயம் சின்னதுதான், ஆனால் டிக்கெட் காசு மொத்தமும் போய்விடும். சென்னையிலிருந்து 15ஆம் தேதி 00.40க்கு விமானம் என்றால், 14ஆம் தேதி ராத்திரி ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி வேன் பிடித்துக் குடும்பத்தோடு போய் இறங்கியவர்களை எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் முடியும் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்கின்றன.

இனி வேலைக்குப் போகிறவர்கள். இங்கேதான் ஏமாற்று அதிகம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர்., அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற வகையில் வரும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக, 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதி எல்லாம் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாகத்தான். அதோடு பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம்; இரண்டு வருடத்துக்குச் சில நூறு ரூபாய், காப்பீட்டுத் தொகை 10 லட்சம்.

இதையெல்லாம் சுற்றிப் போக ஏஜென்ட் ஒரு குறுக்கு வழி சொல்வார். ‘விசிட் விசாவுல போயிடு, அங்க போய் மாத்திக்கலாம். கேட்டா சுத்திப் பார்க்கப் போறேன்னு சொல்லு.’ சரி என்று பையன் கிளம்புவான். பெட்டியில் வெல்டிங் கையுறை, கைப்பையில் ஐ.டி.ஐ. சான்றிதழ், போனில் ‘கம்பெனி ஆள் ஏர்போர்ட்டுக்கு வருவாரு’ என்று மெசேஜ். எங்கே தங்குவாய் என்றால் ஓட்டல் பெயர் தெரியாது. எத்தனை நாள் என்றால் ஏஜென்டைக் கேட்க வேண்டும் என்பான். அதிகாரி ஒன்றும் மந்திரவாதி இல்லை; ஒரு நாளில் இப்படி எத்தனை பேரைப் பார்க்கிறார். விமானம் ஏற விடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கு ‘ஆஃப்லோடு’ என்று பெயர். அவமானமாக இருக்கும், காசும் போகும். இருந்தாலும் நான் அந்த அதிகாரி பக்கம்தான். 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று விசிட் விசாவில் போன தமிழ்ப் பையன்கள் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் சிக்கிக் கிடந்தது நினைவிருக்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சத்தில் பேசுகிறவரிடம் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

பத்தாவது பாஸ் செய்தும் பாஸ்போர்ட் இ.சி.ஆர். ஆக இருப்பவர்களும் நிறைய. விண்ணப்பித்த அன்று மதிப்பெண் சான்றிதழைக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். அதைக் காட்டிப் பாஸ்போர்ட்டை மாற்றி வாங்கிவிடலாம், ஏஜென்ட் தேவையில்லை.

பொய் சொல்கிறவர்கள் மட்டும்தான் மாட்டுவார்கள் என்றில்லை. என் அத்தையைச் சிங்கப்பூரில் ஒன்றரை மணி நேரம் தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். கவுன்டரில் இருந்தவரும் தமிழர்தான். அதனாலேயே அத்தைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த சந்தோஷம்.

‘எத்தனை நாள் இருப்பீங்கம்மா?’

‘பேத்தி பொறந்திருக்குப்பா. தலை நிக்கிற வரைக்கும் குளிப்பாட்டி விட ஆள் வேணும்ல. ஒரு மூணு, நாலு மாசம்.’

கையில் இருந்ததோ 28ஆம் நாள் திரும்புகிற டிக்கெட். அத்தை பொய் சொல்லவில்லை, ஆசையைச் சொன்னார். திரும்பும் தேதி என்ன என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. மகன் விலாசம் எல்லாம் போனில். போனில் ரோமிங் போடவில்லை. கடைசியில் அவர்களே மகனைக் கூப்பிட்டு விசாரித்து அனுப்பினார்கள். இப்போது வயசானவர்களை அனுப்பும்போது ஒரு தாளில் மகன் அல்லது மகள் பெயர், விலாசம், போன் நம்பர், வரும் தேதி, திரும்பும் தேதி ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து அனுப்புகிறேன். ‘கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க அத்தை, கதை ஊருக்கு வந்து சொல்லலாம்’ என்று ஒரு வார்த்தையும்.

இன்னொன்றையும் அத்தை கதையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வருட விசா என்றால் இரண்டு வருடம் தங்கலாம் என்று அர்த்தமில்லை. அது கதவைத் தட்ட அனுமதி. எத்தனை நாள் என்பதை உள்ளே விடும் அதிகாரிதான் முடிவு செய்வார். சிங்கப்பூரில் இப்போது முத்திரை குத்துவதில்லை. தங்கும் நாள் கணக்கு மின்னஞ்சலில் வரும். அதைத் திறந்து பார்க்காமல் விசாத் தாளை நம்பி இருந்துவிடுகிறார்கள். அங்கே 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கி மாட்டினால் ஆண்களுக்குப் பிரம்படி வரை தண்டனை உண்டு.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் வருகை அட்டையை ஆன்லைனில் போட வேண்டும், போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். மூன்றும் இலவசம். தேடும்போது மேலே வந்து நிற்கும் ஏதோ ஒரு தளத்தில் காசு கட்டிவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் அவர்கள் மேல் இல்லை, அந்தத் தளத்துக்காரன் மேல்தான். காசு கேட்டாலே மூடிவிடுங்கள்.

துபாய் போகும் பெட்டியில் அம்மா கட்டிக் கொடுக்கும் பொட்டலங்களை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். குருமாவுக்குப் போடும் கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். கால் கிலோ வாங்கிக் கட்டினால் அது போதைப்பொருள் வழக்கு. கோடீன் உள்ள இருமல் மருந்து, சில வலி மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் முன் அனுமதி வேண்டும்.

திரும்பி வரும்போது சென்னையில் இறங்கி மதுரை விமானம் பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டி நேராக மதுரைக்கு வந்துவிடும் என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள். இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும் பொதுவாக முதலில் இறங்கும் ஊரில்தான். பெட்டியை அங்கே எடுத்து, மறுபடி உள்நாட்டுக் கவுன்டரில் போட வேண்டும். இரண்டு விமானத்துக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம்தான் விட்டிருந்தால் கஷ்டம். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான் வரி கட்டாமல் நகை கொண்டுவரும் சலுகை, பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20. பத்து நாள் சுற்றுலா போனவருக்கு அது கிடையாது. கல்யாணத்துக்கு இங்கிருந்து கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், கிளம்பும்போதே கஸ்டம்ஸில் நகையைக் காட்டி ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால், திரும்பி வரும்போது ‘இது எங்க ஆச்சி போட்டது’ என்று கவுன்டரில் நின்று விளக்க வேண்டியிருக்காது.