என்ஜின்எக்ஸில் கோப்புகளை முன்கூட்டியே சுருக்கி வைத்து அனுப்பும் முறை

சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எஸ்விஜி போன்ற உரைக் கோப்புகளில் ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவை ஜிசிப் என்னும் சுருக்க முறையில் நன்றாகச் சுருங்கும். மாறாத ஒரு கோப்பை ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகச் சுருக்குவது சர்வருக்கு வீண் சுமை. மேலும், இணையதளக் கோப்புகளை அனுப்பும் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ், சுருக்க நிலையைக் குறிப்பிடாவிட்டால், மிகக் குறைவாகச் சுருக்கும் 1-ஆம் நிலையில்தான் சுருக்கும். தளத்தைப் பதிவேற்றும்போதே அதிகபட்சமான 9-ஆம் நிலையில் ஒருமுறை சுருக்கி வைப்பதே சரியான வழி.

முதலில் உங்கள் என்ஜின்எக்ஸில், முன்கூட்டியே சுருக்கிய கோப்புகளை அனுப்பும் ஜிசிப் ஸ்டாட்டிக் மாட்யூல் உள்ளதா என்று பாருங்கள். டெபியன், உபுண்டு தொகுப்புகளில் அது சேர்ந்தே வருகிறது; மூலநிரலிலிருந்து நீங்களே கட்டமைத்தால், அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அடுத்து, ஜிசிப் கட்டளையை '-கே -9' விருப்பங்களுடன் இயக்குங்கள். 'கே' மூலக் கோப்பை அழியாமல் காக்கும். ஜிசிப் ஏற்காத நிரல்கள் கேட்கும்போது அனுப்ப மூலக் கோப்பு தேவை. ஸ்டைல்.சிஎஸ்எஸ் அருகிலேயே ஸ்டைல்.சிஎஸ்எஸ்.ஜிஇசட் உருவாகிவிடும். ஜேபெக், பிஎன்ஜி படங்களை விட்டுவிடுங்கள். அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

பிறகு, அமைப்புக் கோப்பின் சர்வர் பகுதியில் 'ஜிசிப்_ஸ்டாட்டிக் ஆன்;', 'ஜிசிப்_வேரி ஆன்;' என்னும் இரு வரிகளைச் சேருங்கள். இரண்டாவது வரி, சுருக்கிய வடிவத்தையும் சுருக்காத வடிவத்தையும் இடையில் நகல்களைச் சேமித்துவைக்கும் கேஷ்கள் குழப்பிக்கொள்ளாமல் தடுக்கும். 'என்ஜின்எக்ஸ் -டி' கட்டளையால் பிழை இல்லை என்று உறுதிசெய்தபின் ரீலோடு செய்யுங்கள்.

இனி பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். 'கன்டென்ட்-என்கோடிங்: ஜிசிப்' என்று இருந்தால் மட்டும் போதாது, உடனுக்குடன் சுருக்கினாலும் அதே வரிதான் வரும். 'கன்டென்ட்-லெங்த்' வரியையும் பாருங்கள்: அது வட்டிலுள்ள ஜிஇசட் கோப்பின் அளவோடு ஒத்திருந்தால், முன்கூட்டியே சுருக்கியதுதான் வந்திருக்கிறது. உடனுக்குடன் சுருக்கும்போது இறுதி அளவு முன்பே தெரியாது என்பதால், அந்த வரியே இருக்காது.

தொடக்கநிலையினர் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான்: மூலக் கோப்பு மாறியதா என்று என்ஜின்எக்ஸ் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் சிஎஸ்எஸ்ஸைத் திருத்தியும் ஜிஇசட்டைப் புதுப்பிக்காவிட்டால், பார்வையாளருக்குப் பழைய பக்கமே போய்ச்சேரும். தானியங்கி ஸ்கிரிப்டில் ஜிசிப், இருக்கும் ஜிஇசட் கோப்பின் மேல் எழுதாமல் விலகிக்கொள்ளும். ஆகவே '-எஃப்' விருப்பத்தையும் சேர்த்து, பதிவேற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டளை இயங்குமாறு அமைத்துவிடுங்கள்.