கயாக்கின் மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர்

சிங்கப்பூரின் உபின் தீவைச் சுற்றித் துடுப்புப் போட்டு வந்து ஐந்து நாள் கழித்து என் கயாக்கின் பின்மூடியைத் திறந்தேன். வெளியே படகு நன்றாகக் காய்ந்திருந்தது. உள்ளே மூலையில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் தேங்கி நின்றது. அதில் மிதவைக் கயிற்றோடு வந்திருந்த பாசித் துணுக்கு ஒன்று, இன்னும் பச்சையாக. அதன்மேல் மெல்லிய இழையால் ஒட்டிக்கொண்டு, அரிசி மணி அளவில் ஒரு சிப்பி. மறுநாள் அதே படகைக் காலாங்கில் இறக்குவதாக இருந்தேன். இறக்கியிருந்தால் ஓரிடத்து உயிர் என் படகிலேயே இன்னோரிடத்துக்குப் போயிருக்கும்.

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான்: வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்வது. ஐந்து நாள் உலர விடுங்கள் என்று அமெரிக்காவில் சொல்வார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மூடி வைத்த படகுக்கு அந்தக் கணக்கு போதாது. மூடிகளைக் கழற்றி, தக்கையைத் திறந்து, படகைச் சாய்த்து வடித்து, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். அப்புறம்தான் நாள் கணக்கு.

ஒரு சிப்பிக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி இனம் 2016இல் ஜொகூர் நீரிணையில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று கிராஞ்சி சேற்றுக் கரையிலும் உபின் பக்கத்திலும் அது கம்பளம்போல் படர்ந்து, நாம் வாங்கிச் சமைக்கும் பச்சைச் சிப்பியின் இடத்தைப் பிடிக்கிறது. அதன் குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாமல் நீரில் மிதக்கும். தெளிவாக இருக்கிறதே, கொஞ்சம் தண்ணீர்தானே என்று விட்டுவிடக் கூடாது என்பது அதனால்தான்.

கடலில் ஓடிய படகை நன்னீரில் இறக்கினால் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 2008இல் மெரினா அணை வந்த பிறகு காலாங் வடிநிலம் நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் இந்தச் சிப்பிகள் கழிமுகத்தில் உப்பு ஏறி இறங்குவதற்குப் பழகியவை. தங்கள் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு நிலைமை மாறும்வரை காத்திருக்கும்.

இதைவிட என்னை வருத்துவது, கழுவும் இடம். வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழே, கார் நிறுத்துமிடத்தில், வடிகால் ஓரமாக வைத்துப் படகையும் துடுப்பையும் கழுவுகிறோம். அந்த வடிகால் எங்கே போகிறது? சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழைநீர் வாய்க்கால் வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குத்தான் போய்ச் சேர்கிறது. நாம் குடிக்கிற தண்ணீர் அது. குளியலறையில் ஊற்றும் தண்ணீர் வேறு குழாயில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் போகிறது. அதனால் படகின் தண்ணீரைக் கிளம்பும் முன்பே, கரையேறிய இடத்திலேயே வடித்துவிடுங்கள். கயிறு, செருப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் அலசுங்கள். பலர் படகைத் தேய்ப்பார்கள், பஞ்சு வைத்த ஜாக்கெட்டை மறந்துவிடுவார்கள். அதிக நேரம் ஈரம் பிடித்து வைப்பது அதுதான்.

துடுப்பில் சுற்றிய செடியை அடுத்த நீர்த்தேக்கத்தில் உதறுவதும் வேண்டாம். ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி ஒரு சிறு துண்டிலிருந்தே வேர் பிடிக்கும். செடித்தண்டில் பளிச்சென்ற இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து தெரிந்தால் அது தென் அமெரிக்க நத்தையுடையது. படகோடு கூட்டி வராதீர்கள்.

மீன் பிடிப்பவர்களுக்கும் ஒன்று. ஒரு நீர்த்தேக்கத்தில் பிடித்த பீக்காக் பாஸை இன்னொன்றில் விட்டால் அடுத்த முறை அங்கேயும் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வெளியூர் வேட்டை மீன். விடுவது சட்டப்படி குற்றம். சிறு மீன்களுக்கோ அழிவு.

விடுமுறையில் நியூசிலாந்து போகிறவர்கள் தூண்டில், நீர்க்காலணிகளைப் பெட்டியின் அடியில் திணித்துவிட்டு வாய் திறக்காமல் போகக்கூடாது. டிடிமோ என்ற பாசி 2004இல் அங்கே தென்தீவு ஆறு ஒன்றில் தென்பட்டது. ஈரக் காலணியில் ஒட்டிய ஒரு துளியே அது இன்னோர் ஆற்றுக்குப் பரவப் போதும். பயன்படுத்திய சாமான்களைச் சுத்தம் செய்து முழுக்க உலர்த்தி, விமான நிலையத்தில் நீங்களே அறிவித்துவிடுங்கள்.

அன்று அந்தச் சிப்பியை ஒரு பையில் முடிந்து குப்பையில் போட்டேன். காலாங் பயிற்சிக்குக் கிளப் படகைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கயாக் மூடி திறந்தபடி இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.